பத்தாம் நாளுக்கு ஒரு டாக்டர்

தமிழ்நாட்டில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்தாலும் அந்தச் சுவர் விளம்பரம் கண்ணில் படும். மூலம், பௌத்திரம், ஆபரேஷன் கிடையாது, வலி கிடையாது, ஒரே ஊசியில் குணம். கீழே ஒரு செல் நம்பர். டாக்டர் பெயர் இருக்காது. பெயர் இருந்தால் பட்டம் இருக்காது. காரைக்குடிப் பக்கமும் இதற்கு விலக்கில்லை. நம்முடைய வெட்கத்தை முதலாகப் போட்டு நடக்கிற வியாபாரம் இது. 1978 டிசம்பரில் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் மூல வேதனையால் அலுவல்களை ரத்து செய்தபோது, காரணம் இன்னதென்று பத்திரிகைகளில் பகிரங்கமாக வந்தது. நம்மவர்கள் வீட்டுக்காரம்மாவிடம் சொல்வதற்கே வருஷக்கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். கடைசியில் ஒருநாள் ரத்தம் கொட்டியதும் பதறிப்போய், யாரோ சொன்ன ஆஸ்பத்திரியில் மறுநாளே ஆபரேஷனுக்குப் படுத்துவிடுகிறார்கள்.

மூல ஆபரேஷன் என்பது தியேட்டருக்குள் அரை மணி, முக்கால் மணி வேலை. புண் ஆறுவது நாலு முதல் ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் வீட்டில்தான் கழிகிறது. டாக்டரைத் தேடும்போது அந்த அரை மணி நேரத்தை மட்டும் மனதில் வைக்காமல் இந்த ஆறு வாரத்தையும், குறிப்பாகப் பத்தாம் நாளையும், மனதில் வைத்துத் தேட வேண்டும். பத்தாம் நாள் ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் வேலை, வந்திருப்பது மூலம்தானா என்று தெரிந்துகொள்வது. கத்தியால் கீறினாற்போல எரிச்சலும், மலம் கழித்து ஒரு மணி நேரமானாலும் விடாத வலியும் இருந்தால் பெரும்பாலும் அது ஆசனவாய் வெடிப்பு. பக்கத்தில் சின்னக் கட்டி வந்து உடைந்து, சீழ் கசிந்து, மூடி, மறுபடி உடைந்தால் பௌத்திரம். வலியே இல்லாமல் சொட்டுச் சொட்டாகவோ பீய்ச்சியோ ரத்தம் போனால் உள்மூலமாக இருக்கலாம். பெருங்குடல் புற்றுநோயாகவும் இருக்கலாம். இதை வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. விரல் விட்டுப் பார்க்க வேண்டும், பிராக்டோஸ்கோப் என்கிற சின்னக் குழாய் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிஷம்கூட ஆகாது. மேஜைக்கு எதிரே உட்கார வைத்துக் கதை கேட்டுவிட்டு, கையுறையே போடாமல் “லேசர் பண்ணிரலாம்” என்று பேக்கேஜ் விலை சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

உள்மூலத்தை நாலு நிலையாகப் பிரிப்பார்கள். ரத்தம் மட்டும் வந்தால் முதல் நிலை. முக்கும்போது வெளியே வந்து தானாக உள்ளே போனால் இரண்டாவது. விரலால் தள்ள வேண்டியிருந்தால் மூன்றாவது. தள்ளினாலும் போகாவிட்டால் நாலாவது. முதல் இரண்டு நிலைகளில் பெரும்பாலோருக்குக் கத்தி தேவைப்படாது. நார்ச்சத்து, தண்ணீர், மலமிளக்கி, அதற்கும் அடங்காவிட்டால் ரப்பர் வளையம். மூலத்தின் அடியில் ஒரு சின்ன ரப்பர் வளையத்தை மாட்டிவிட்டால் ரத்த ஓட்டம் நின்று அது வாடி விழுந்துவிடும். அந்த இடத்தில் வலி உணரும் நரம்பு கிடையாது என்பதால் மயக்க மருந்தும் வேண்டாம். புறநோயாளியாக வந்து அன்றே வீட்டுக்குப் போகலாம். “உங்களுக்கு ஆபரேஷன் இப்ப வேணாம்” என்று சொல்லத் தெரிந்த டாக்டரைக் கண்டால், பின்னால் ஆபரேஷன் தேவைப்படும் நாளில் அவரிடமே போங்கள். என் கணக்கில் அதுதான் முதல் தகுதி.

மூன்றாம் நிலை முற்றி, அல்லது நாலாம் நிலை வந்து, ஆபரேஷன்தான் என்றானபின் முறையைப் பற்றிய பேச்சு வரும். லண்டன் செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியில் மில்லிகன், மார்கன் என்ற இருவர் 1937இல் எழுதி வைத்த முறைதான் இன்றும் உலகம் முழுக்க அடிப்படை: மூலத்தை வெட்டி எடுத்து, ரத்தக் குழாயைக் கட்டி, புண்ணைத் தைக்காமல் திறந்தே விட்டுவிடுவது. வலி கூடுதல். திரும்ப வருவது குறைவு. தைத்து மூடும் முறையும் உண்டு. 1998இல் இத்தாலியின் லாங்கோ என்பவர் பிரபலப்படுத்திய ஸ்டேப்ளர் முறையில் வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ஆனால் பிரிட்டனில் 777 பேரை வைத்துச் செய்து 2016இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது பழைய வெட்டும் முறையே மேல் என்று தெரிந்தது. செலவும் அதில்தான் குறைவு. லேசரிலும் இதே கணக்குதான்: வலி குறைவு, நடுத்தர மூலத்துக்கு நன்றாக இருக்கும், பெரிதாகத் தொங்கும் மூலத்துக்கு அதை நம்பிப் போனால் திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல். ஆக, போர்டில் எந்த மெஷின் பெயர் பெரிதாக எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்து ஆஸ்பத்திரி தேடாதீர்கள். உங்கள் மூலத்துக்கு எது பொருந்தும், அது ஏன் பொருந்தும் என்று அவரைச் சொல்ல வையுங்கள். ஒரே முறை மட்டும் வைத்திருப்பவர், வருகிறவர்களுக்கெல்லாம் அதையேதான் செய்வார்.

பட்டத்தைப் பார்ப்பது சுலபம். எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை படித்திருந்தால் இந்த ஆபரேஷன் செய்யலாம். இரைப்பை குடல் அறுவையில் எம்.சிஎச்., ஆசனவாய் - பெருங்குடல் அறுவையில் தனிப் பயிற்சி என்று இருந்தால், ஏற்கெனவே ஒருமுறை ஆபரேஷன் ஆனவர்களுக்கும் பௌத்திரம் சேர்ந்து இருப்பவர்களுக்கும் கூடுதல் பலம். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் பதிவு உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளை இருந்தால் இரண்டு நிமிஷ வேலை.

அதன்பிறகு கேட்க வேண்டிய கேள்விகளைச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். அந்த அறைக்குள் போனால் எல்லாம் மறந்துவிடும். இந்த ஆபரேஷனை எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? நீங்களே செய்வீர்களா, வெளியூரிலிருந்து யாரையாவது வரவழைப்பீர்களா? அவர் மறுநாள் ஊருக்குப் போய்விட்டால் யார் பார்ப்பார்கள்? ராத்திரி ரத்தம் வந்தால் எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும்? கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்காமல் நம்பர் எழுதிக் கொடுப்பவர் பாதி ஜெயித்துவிட்டார். பெண்களாக இருந்தால், பெண் டாக்டர் வேண்டும் என்றோ, பரிசோதனையின்போது நர்ஸ் கூட நிற்க வேண்டும் என்றோ தயங்காமல் கேட்கலாம். நம் பக்கத்து ஆச்சிமார்கள் பலர் இந்த ஒன்றுக்குப் பயந்தே வருஷக்கணக்கில் மறைத்து, ரத்த சோகை முற்றிப் படியேற முடியாமல் வருகிறார்கள்.

எந்த ஊரில் செய்வது என்பது செட்டிநாட்டில் பெரிய விவகாரம். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். “இங்க வந்துருங்க அப்பச்சி, பெரிய ஆஸ்பத்திரி இருக்கு” என்பார்கள். தேவகோட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அப்படித்தான் சென்னைக்குப் போனார். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. பிள்ளைக்கு லீவு இல்லை, ஐந்தாம் நாளே ஊருக்குத் திரும்பிவிட்டார். பத்தாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு டாய்லெட்டில் கட்டி கட்டியாக ரத்தம். ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போன் போட்டால் காலையில் ஓ.பி.க்கு வரச் சொன்னார்கள். நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது ஓ.பி.! கடைசியில் உள்ளூரில் முன்பின் தெரியாத ஒரு சர்ஜன்தான் எழுந்து வந்து, ரத்தம் வந்த இடத்தில் தையல் போட்டு நிறுத்தினார்.

இது அபூர்வமான விபத்தில்லை; பாடப் புத்தகத்தில் இருக்கிற விஷயம். ஆபரேஷன் முடிந்து ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை, புண்ணின் மேல் கட்டிய பொருக்கு உதிரும்போது அடியிலிருக்கும் குழாய் திறந்துகொள்ளலாம். நூறில் ஒருசிலருக்குத்தான் இப்படி ஆகும். ஆனால் அந்த ஒருசிலர் யார் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன்: சாதாரண மூலத்துக்குக் காரைக்குடியிலோ, சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, அதிகம் போனால் மதுரை, திருச்சியிலோ செய்துகொள்வதே புத்திசாலித்தனம். மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் இந்த ஆபரேஷன் அன்றாட வேலை. சென்னையில்தான் செய்வது என்று முடிவானால் இரண்டு வாரம் அங்கேயே தங்குங்கள். திரும்பும்போது பல்லவன் ரயிலில் மணிக்கணக்கில் உட்கார்ந்து வராமல், ராத்திரி சேது எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் போட்டுப் படுத்து வாருங்கள்.

நாள் குறிப்பதிலும் கணக்கு உண்டு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் மார்கழியில் ஆபரேஷன் வைத்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் கல்யாணமோ படைப்போ வருகிறதென்றால் அதற்கு முன்னால் ஆறு வாரம் இடைவெளி இருக்க வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் மறைக்கவும் கூடாது. சர்க்கரை கட்டுக்குள் வந்தபிறகே தேதி வாங்குங்கள்.

வீட்டையும் தயார் பண்ண வேண்டும். நம் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கின்றன. படுக்கை முகப்பில், டாய்லெட் பின்கட்டில். நடுவில் முற்றத்தைச் சுற்றி வளவு, அதில் ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. மழை நாளில் முற்றத்துச் சாரல் பட்ட ஆத்தங்குடித் தரையில் திடகாத்திரமான ஆளே வழுக்குவார். ஆபரேஷனுக்கு முதல் நாளே கட்டிலை டாய்லெட்டுக்குப் பக்கத்து அறைக்கு மாற்றிவிடுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாவிட்டால் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்; மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்கும். நடுவில் பள்ளம் விழுந்த காற்றுத் தலையணையை மட்டும் வாங்காதீர்கள். அதில் உட்கார்ந்தால் ஆசனவாய்ப் பகுதி தொங்கி வீக்கம் கூடும். மெத்தென்ற சாதாரணத் தலையணை போதும்.

ஆபரேஷன் அன்று பெரும்பாலும் முதுகுத் தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். மரப்பு விட்டபிறகு சிறுநீர் பிரியாமல் அடைத்துக்கொள்வது சகஜம், குறிப்பாக வயதான ஆண்களுக்கு. அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடம், நின்றுகொண்டு போவது, குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தம் கேட்பது, இப்படி எதற்கும் பிரியாவிட்டால் டியூப் போடுவார்கள். அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. அடக்கிக்கொண்டு கிடப்பதுதான் ஆபத்து. ஒருநாள், மிஞ்சினால் இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வலி மாத்திரையை வலி வந்தபிறகு தேடாமல் முதல் ஒரு வாரம் மணி பார்த்துப் போடுங்கள்.

இனி எல்லோரும் நடுங்குகிற இடம்: முதல் மலம். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வரும். வலிக்கும் என்று பயந்து அடக்கினால் மலம் இறுகும். இறுகினால் நிஜமாகவே வலிக்கும். அடக்கவே கூடாது. டாக்டர் எழுதிக் கொடுத்த லாக்டுலோஸ் சிரப்பை ராத்திரி தவறாமல் குடியுங்கள். இசப்கோல் போட்டால் கூடவே நிறையத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் குறைந்தால் அதுவே உள்ளே கட்டிப்பட்டுத் தொல்லை கொடுக்கும். போக வேண்டும்போல இருக்கிறது என்றால், அரை மணி நேரம் முன்னால் போட்ட வலி மாத்திரை உள்ளே இருப்பது நல்லது. உட்காரும்போது காலுக்கடியில் ஒரு மணைக்கட்டையைப் போட்டு முழங்கால் உயர்ந்து இருக்கும்படி வைத்து, லேசாக முன்னால் குனிந்து, மூச்சை வெளியே விடுங்கள். முக்க வேண்டாம். ஐந்து நிமிஷத்தில் வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம், பிறகு போகலாம். செல்போன் வெளியிலேயே இருக்கட்டும். தண்ணீர் சிவந்து போவதைப் பார்த்துத் தலை சுற்றும். ஒரு ஸ்பூன் ரத்தம் கலந்தாலே டாய்லெட் முழுக்கச் சிவப்பாகத் தெரியும். கழுவுவதற்கு ஹெல்த் ஃபாசெட்டின் வேகம் வேண்டாம். சொம்பில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து மெல்ல ஊற்றி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள்.

உடனே வெந்நீர்த் தொட்டி. மருந்துக்கடைகளில் டாய்லெட் மேல் பொருத்துகிற பிளாஸ்டிக் பேசின் விற்கிறார்கள். இல்லாவிட்டால் உட்காரும் அகலத்தில் ஒரு பேசின் போதும். பரணில், கடல் கடந்து கொண்டுவிற்கப் போன ஐயா காலத்து எனாமல் பேசின் இருக்கும், அதை எடுக்காதீர்கள். ஓரம் பெயர்ந்து துரு ஏறியிருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் அதற்கு நல்ல விலையும் உண்டு! முழங்கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர், பத்திலிருந்து பதினைந்து நிமிஷம், ஒரு நாளில் மூன்று நாலு தடவை, மலம் கழித்தபிறகு கட்டாயம். சுருங்கிப் பிடித்த தசை தளர்வதுதான் இதன் பலன். வெறும் தண்ணீரே போதும். டெட்டால் ஊற்றினால் புண் வெந்துபோகும். எழும்போது கிறுகிறுப்பு வரலாம், முதல் சில நாள் யாராவது கதவுக்கு வெளியே நிற்கட்டும். அதன்பிறகு டாக்டர் கொடுத்த களிம்பு. கசிவு நாலைந்து வாரம் இருக்கும். ஆண்களும் சானிட்டரி பேட் வைத்துக்கொள்ளலாம், வேட்டியில் கறை படாது. கடையில் கேட்கக் கூச்சமாக இருந்தால் வீட்டுப் பெண்களிடம் சொல்லுங்கள், அவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

சாப்பாட்டில்தான் நம் வீடுகள் பெரிய தப்பு பண்ணுகின்றன. ஆபரேஷன் ஆன ஆள் என்று பாசம் மேலிட்டுப் பிரட், ரஸ்க், பால், ரசம் சாதம் என்று பத்தியம் போடுகிறார்கள். நாலும் நார் இல்லாதவை. மூன்றே நாளில் மலம் கல்லாகும். இந்த வாரங்களுக்கு வேண்டிய சாப்பாடு செட்டிநாட்டு அடுப்பில் ஏற்கெனவே இருக்கிறது: பாசிப்பருப்புப் போட்ட இளங்குழம்பு, கீரை மசியல், வாழைத்தண்டுக் கூட்டு, அவரைக்காய்த் துவட்டல், காரம் குறைத்த வெண்டைக்காய் மண்டி, கொய்யா, பப்பாளி. கவுனி அரிசி நார் உள்ளதுதான். சர்க்கரையைக் கொட்டாமல் செய்தால் காலைக்கு நல்லது. தண்ணீர் இரண்டரை லிட்டர், இதய நோயும் சிறுநீரக நோயும் இல்லாதவர்களுக்கு. சீப்புச்சீடை, மணகோலம் டப்பாவை ஒரு மாதம் கண் மறைவாக வையுங்கள்.

காரம்? மிளகாய்தான் மூலத்தைக் கொண்டுவருகிறது என்று ஊரே சொல்கிறது. 2006இல் வெளிவந்த ஓர் இத்தாலியச் சோதனையில், மூலம் இருப்பவர்களுக்கு மிளகாய் கொடுத்துப் பார்த்தும் தொந்தரவு கூடவில்லை. அந்த மட்டில் நம் சமையல் குற்றவாளியில்லை. ஆனால் ஆபரேஷன் ஆனவர்களை வைத்து நாக்பூரில் செய்து 2007இல் வந்த ஆய்வில், மிளகாய் சாப்பிட்டவர்களுக்கு வலியும் எரிச்சலும் கூடின. புண் ஆறும் வரை, மிளகாய் தூக்கலான உப்புக்கறிக்கு விடுமுறை. அதற்குப் பிறகு அளவோடு சாப்பிட்டுக்கொள்ளலாம்.

கருணைக்கிழங்கு லேகியம், துத்தி இலை என்று யாராவது கொண்டுவந்து தருவார்கள். சித்த மருத்துவத்தில் இவற்றுக்கு நெடுங்கால வழக்கு உண்டு, நான் குறை சொல்ல மாட்டேன். புதுப் புண்ணில் இலையை அரைத்துக் கட்டுவது மட்டும் கூடவே கூடாது. உள்ளுக்குச் சாப்பிடுவதானாலும் ஆபரேஷன் செய்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

இரண்டாவது வாரம் வலி குறைந்து, ஆள் தெம்பாகி, மாடிப்படி ஏற ஆரம்பிப்பார். அப்போதுதான் கவனம் வேண்டும். மலத்தோடு சில சொட்டு வந்தால் பரவாயில்லை. மலமே வராமல் ரத்தம் மட்டும் வந்தாலோ, கட்டியாக வந்தாலோ, எழுந்தால் கண் இருட்டினாலோ உடனே படுக்க வைத்துவிட்டு டாக்டருக்குப் போன், பிடிக்க முடியாவிட்டால் 108. “இன்னொரு தடவை வருதா பாப்போம்” என்று டாய்லெட்டில் உட்கார வைத்துக்கொண்டிருப்பதில்தான் ஆட்கள் மயங்கி விழுகிறார்கள். காய்ச்சல், சிறுநீர் பிரியாமை, குறைந்த வலி மறுபடி ஏறுவது, இவை மூன்றும் சேர்ந்தால் உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும்.

டூவீலர் இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டாம். தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, பேரப் பிள்ளையைத் தூக்குவது எல்லாம் ஒரு மாதம் கழித்து. நாலாவது வாரத்தில் டாக்டர் ஒருமுறை விரல் விட்டுப் பார்ப்பார். வலி போய்விட்டதே என்று நிறையப் பேர் இந்தத் தடவை போவதில்லை. ஆறும்போது ஆசனவாய் சுருங்கிப்போயிருந்தாலும், இப்போதே கண்டுபிடித்தால் சுலபமாகச் சரிசெய்யலாம். மலம் நாடாப்போல மெல்லியதாக வருகிறதென்றால் தேதி வரை காத்திருக்கவும் வேண்டாம். ஓரத்தில் சின்னச் சதைத் துணுக்கு நிற்பதைப் பார்த்து மூலம் திரும்பிவிட்டது என்று பதறுவார்கள். வீக்கம் வடிந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆபரேஷனில் எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஆறு வாரம் தாண்டியும் ரத்தம் வந்தால், “அதான் மூலத்தை எடுத்தாச்சே” என்று விட்டுவிடாதீர்கள். நாற்பத்தைந்து வயது கடந்தவராகவோ, வீட்டில் யாருக்காவது குடல் புற்று வந்திருந்தவராகவோ, உடம்பு இளைத்துக்கொண்டு வருபவராகவோ இருந்தால் பெருங்குடல் முழுவதையும் கொலனோஸ்கோப்பி செய்து பார்க்கச் சொல்லி நீங்களாகவே கேளுங்கள்.